கழுத்துக் கட்டையைக் கேட்ட மகனுக்கு

சாமி,

முந்தாநாள் சாயங்காலம் பொழுதோட நீ முன்ரூம்ல லேப்டாப்பை வெச்சுக்கிட்டு அந்த உஸ்பெகிஸ்தான் யுனிவர்சிட்டிக்காரங்ககிட்டப் பேசிட்டிருந்தப்போ, நான் சமையக்கட்டுல சின்ன வெங்காயம் உரிச்சுட்டிருந்தேன். ஒட்டுக் கேக்கணும்னு கேக்கல. நீ பேசற இங்கிலீஷ் இந்த ஊடு பூராவும் கேக்கும், அப்படிப் பேசணும்னுதான உன்னை வளர்த்தேன். வேலை உனக்குத்தான்னு போன மாசமே முடிவாயிருச்சு. அன்னிக்கு அந்த டீன் அம்மா சும்மா பேச்சுவாக்குல கேட்டாங்க, பசங்க கிளாஸ்ல அவங்க பாஷையிலேயே பேசிட்டிருந்தா என்ன பண்ணுவீங்கன்னு. நீ சிரிச்சுக்கிட்டே சொன்னே: எங்கம்மாவும் வெளிநாட்டு யுனிவர்சிட்டியில இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தவங்கதான், அவங்ககிட்ட ஒரு மரக்கட்டை இருக்குது, சொந்த பாஷை பேசறவங்க கழுத்துல கயிறு போட்டு மாட்டி விட்டா ரெண்டே மாசத்துல கிளாஸே மாறிரும்னு. "மை மதர்ஸ் மெத்தட்"னு ஒரு பேரும் வெச்சே. அந்தப் பக்கம் ரெண்டு மூணு பேரு சிரிச்ச சத்தம் கேட்டுச்சு. நான் பின்னால குழாயடிக்குப் போய் அழுதுட்டுத்தான் வந்தேன். நீ உள்ள வந்து, கண்ணு செவந்திருக்கறதை வெங்காயத்தோட கணக்குல எழுதிட்டு, "அந்தக் கட்டை எங்கம்மா, பெட்டியில வெச்சு எடுத்துட்டுப் போறேன்"னு இங்கிலீஷ்ல கேட்டே. தேடிப் பாக்கறேன்னு சொன்னேன். தேடவும் தேடினேன். அதுக்குப் பதில்தான் இது.

தமிழ்ல எழுதியிருக்கறேன். உனக்குக் கடை போர்டு படிக்கற அளவுக்குத்தான் தமிழ் வரும்னு எனக்குத் தெரியும். ரெண்டாவது பாடமா பிரெஞ்சு எடுத்தா சென்டம் போடலாம்னு அந்த வழியில தள்ளி விட்டவளே நான்தான. காதுல கேட்டா உனக்குப் புரியும், அதனால இதை உங்கப்பாகிட்டக் குடுத்து வாசிக்கச் சொல்லு. தினமும் பேப்பரை ஒரு வரி விடாம வாய்விட்டுப் படிக்கற மனுசன், நல்லாத்தான் படிப்பாரு. ஏனுங்க, நடுவுல எங்கியாவது சங்கடமா இருந்தா தாண்டிப் போயிராதீங்க, எழுதினது எழுதினபடியே படிங்க. இதுல ஒரு நகலை நம்ம பக்கத்து வாத்தியாருங்க நடத்தற மாசப் பத்திரிகைக்கும் அனுப்பறேன். அந்தக் கட்டையை நான் நாலு சனத்துக்கு முன்னாலதான் மாட்டினேன். சொல்றதும் நாலு சனத்துக்கு முன்னாலயே இருக்கட்டும். உனக்கு வெக்கமா இருந்தா இருந்துட்டுப் போகட்டும் சாமி, எனக்கு அதைவிட ஜாஸ்தியா இருக்குது.

கட்டை எங்க இருந்து வந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. நாமக்கல் ரோட்டுல நான் வேலை பார்த்த ரெசிடென்ஷியல் ஸ்கூல்ல எனக்கு முந்தி இருந்த டீச்சரம்மா குடுத்துட்டுப் போனது. உள்ளங்கை அகலம் வேப்பங்கட்டை, மேல ஒரு ஓட்டை, கயிறு, சிவப்புப் பெயின்ட்ல 'நான் தமிழ் பேசினேன்'னு இங்கிலீஷ்ல எழுத்து. காலையில மொதல்ல தமிழ் பேசி மாட்டற குழந்தை கழுத்துல அது ஏறும். இன்னொருத்தன் பேசறதைக் காதுல கேட்டுக் காட்டிக் குடுத்தாத்தான் எறங்கும். கடைசி மணி அடிக்கறப்ப யாரு கழுத்துல இருக்குதோ அவன் வெளிய முட்டி போடணும். இதுல வாத்தியாருக்கு ஒரு வேலையும் இல்ல பாரு, குழந்தைங்களே ஒண்ணை ஒண்ணு வேவு பாத்துக்கும். ஒண்ணாங்கிளாஸ் புள்ள தண்ணி குடிக்கறபோது "அய்யோ, கொட்டிருச்சு"ன்னா, பக்கத்துல இருக்கற புள்ள துள்ளிக் குதிச்சு ஓடி வரும் சொல்றதுக்கு. அந்த ஓட்டத்தைப் பாத்து எனக்கு அப்ப பெருமைங்கற கருமம்தான் வந்துச்சு. பெத்தவங்க மீட்டிங்ல அதைத் தூக்கிக் காட்டினா கை தட்டுவாங்க. கை தட்டினதுல முக்கால்வாசிப் பேரு கோழிப்பண்ணைக்காரங்க, லாரிக்காரங்க, போர் போடற ரிக் வண்டியில ஊர் ஊராப் போறவங்க. அந்தக் கட்டை அவங்க பேசற பேச்சுக்குத்தான் மாட்டுதுன்னு யாரும் யோசிக்கல, நானும் யோசிக்கல.

ஸ்கூலோட விட்டேனா? ஊட்டுக்கும் கொண்டாந்தேன். நீ தமிழ் பேசினா பொழுது போற வரைக்கும் உன்ற கழுத்துலதான் கெடக்கும். உனக்கு அப்ப அஞ்சு வயசு. உங்கப்பா புதுச்சத்திரத்துப் பண்ணையில முட்டை லோடு ஏத்தி அனுப்பிட்டு, தீவனத் தூசியோட வாசல்ல வந்து நிப்பாரு. "அப்பா, இன்னிக்குக் கோழி..."ன்னு ஓடுவே. ஓடினவன் பாதியில நின்னு என்ற மூஞ்சியைத் திரும்பிப் பாப்பே. நான் ஆணியில தொங்கற கட்டையைக் கண்ணால காட்டுவேன். உனக்கு இங்கிலீஷ்ல அதைச் சொல்லத் தெரியாது, வாயை மூடிக்குவே. உங்கப்பா கை காலைக் கழுவிட்டு உள்ள போயிருவாரு. உங்கப்பாவுக்குக் கட்டை இல்ல, அவருகூடப் பேசற உனக்குத்தான் கட்டை. ஆறேழு மாசத்துல நீ அவர்கிட்ட ஓடறதையே விட்டுட்டே. கோழி என்ன பண்ணுச்சுன்னு அந்த மனுசனுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. பெறகு நீங்க ரெண்டு பேரும் என்ன பேசணும்னாலும் நடுவுல நான் நின்னு மாத்திச் சொல்லணும்னு ஆயிப்போச்சு. ஒரே கூரைக்குக் கீழ இருக்கற அப்பனுக்கும் மகனுக்கும் துபாஷி வேலை பாத்த பொம்பளை இந்தச் சுத்துவட்டாரத்துல நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

எட்டு வயசுல நீ பண்ணை ஏணியில இருந்து விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டே, ஞாபகம் இருக்குதா? சேலத்துல ஒரு எலும்பாஸ்பத்திரியில படுக்க வெச்சிருந்தோம். உங்கப்பா கட்டில் பக்கத்துல குனிஞ்சு, "வலிக்குதா சாமி?"ன்னு கேட்டாரு. நீ என்னைப் பாத்துக்கிட்டு இங்கிலீஷ்ல ஒண்ணு சொன்னே. அவரு "என்ன புள்ள சொல்றான்?"னாரு. நான் மாத்திச் சொன்னேன். சரியாச் சொல்லல. அதைக் கடைசியில எழுதறேன், இப்ப எழுதினா மீதியை எழுதக் கை வராது.

உனக்குப் பத்து வயசானப்போ எனக்கு எத்தியோப்பியாவுல யுனிவர்சிட்டி வேலை கெடச்சுது. மூணு வருச ஒப்பந்தம். ஒறம்பரை சொந்தபந்தமெல்லாம் ஊட்டுக்கு வந்து மாலை போட்டுட்டுப் போனாங்க. உங்கப்பா, "பையன் என்கூட இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்"னு சொன்னாரு. நான் ஒத்துக்கல. அவருகூட விட்டா இங்கிலீஷ் கெட்டுப் போயிரும்னு, அவரு இருக்கறப்பவே, அவரு காது கேக்கவே சொல்லிட்டு, உன்னை அதே ஸ்கூல் ஹாஸ்டல்ல தள்ளினேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவரு அவிச்ச முட்டையும் பழமும் எடுத்துட்டு வந்து உன் முன்னால உக்காந்திருப்பாரு. போன்ல கேட்டா, "நல்லா இருக்கறான், ஒண்ணும் பேசல"ம்பாரு. சரி, ஒழுக்கமா வளர்றான்னு நெனச்சுக்கிட்டேன். சீ, என்ன ஜென்மமோ நான்.

பொட்டி கட்டறப்போ ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்துல அந்தக் கட்டையையும் வெச்சேன். அங்க போய்ச் சிவப்பு எழுத்தைச் சுரண்டிட்டு, 'நான் இங்கிலீஷ் பேசவில்லை'ன்னு புதுசா எழுதினேன். என்ற கிளாஸ்ல இருந்ததெல்லாம் வளர்ந்த ஆளுங்க சாமி. கல்யாணம் ஆனவங்க, கைக்குழந்தையோட வந்தவங்க, கிராமத்துல வாத்தியாரா இருந்துட்டு மேல படிக்க வந்தவங்க. அவங்க கழுத்துல மாட்டினேன். சும்மா மாட்டினா கேக்க மாட்டாங்கன்னு இன்டர்னல் மார்க்கோட சேத்துக் கட்டினேன். கட்டை போட்டிருக்கறப்போ சொந்த பாஷை பேசினா மார்க் ரெண்டு மடங்கு போகும். கேம்பஸ்குள்ள எங்க போனாலும் கட்டையோடதான் போகணும், இன்னொருத்தரைப் பிடிச்சுக் குடுக்கற வரைக்கும். நம்மூர்ப் பக்கத்து லெக்சரருங்க எட்டுப் பேரு ஒரே வரிசை குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். அங்க சேந்தா வேற பேச்சே கெடையாது. இதுகளுக்கு மூளை இல்ல, அதுகளுக்குச் சுத்தம் இல்லன்னு, சோறு போடற ஊரைக் கேவலமாப் பேசிச் சிரிக்கறதுதான் பொழுதுபோக்கு. நம்மளையே ஊருல எத்தனை பேரு அப்படிப் பேசினானுங்களோ, அதை அப்படியே அங்க கொண்டுபோய்க் கொட்டினோம். நான் எல்லாரையும் விட ரெண்டு சத்தம் ஜாஸ்தியாச் சிரிப்பேன். என்ற கட்டையைப் பாத்துட்டு அங்கத்து டீன் எனக்கு ஒரு சர்ட்டிபிகேட்டும் குடுத்தாரு. அதுதான் நம்ம ஹால்ல சாமி படத்துக்குப் பக்கத்துல பிரேம் போட்டுத் தொங்கிட்டிருந்துச்சு. நேத்துதான் கழட்டிக் குப்பைத் தொட்டியில போட்டேன், நீ பாத்திருக்க மாட்டே.

அல்மாஸ்னு ஒரு பொண்ணு. பத்தொம்பது இருபது வயசு இருக்கும், ரொம்ப அமைதி. அவ யாரையும் காட்டிக் குடுக்க மாட்டா. அதனால ஒரு தடவை அவ கழுத்துக்கு வந்த கட்டை வாரக் கணக்குல எறங்கவே இல்ல. ஒரு நாள் மத்தியானம் என்ற பேப்பர் பண்டலைச் சுமந்துக்கிட்டு என்கூட குவார்ட்டர்ஸ் வரைக்கும் வந்தா. ஆமா, பொண்ணுங்களைப் பேப்பர் சுமக்க வெச்சேன், அதையும் எழுதித்தான ஆகணும். கேம்பஸ் கேட் பக்கத்துல போறப்போ ஒரு வயசானவரு வெள்ளைப் போர்வை போத்திக்கிட்டு, கையில தடியும் ஒரு துணிப்பையுமா நின்னுட்டிருந்தாரு. அவளைப் பாத்ததும் மூஞ்சியெல்லாம் சிரிப்பு. அவங்கப்பா. ஒரு நா முழுக்க பஸ்சுல வந்திருக்காரு. என்னமோ கேட்டாரு. அவ பேசல. இன்னொண்ணு கேட்டாரு. அவ கட்டையைப் பிடிச்சுக்கிட்டு என்ற மூஞ்சியைப் பாத்தா. நீ வாசல்ல நின்னு பாத்தியே, அதே பார்வை. அவரு பயந்து போய் அவ நெத்தியில கை வெச்சுப் பாத்தாரு, தொண்டையைத் தொட்டுப் பாத்தாரு. நான் மூணு எட்டுத் தள்ளி நின்னுட்டிருந்தேன். "பேசும்மா, உங்கப்பாதான"ன்னு ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லல. இவ தாக்குப் பிடிக்கறாளா பாக்கலாம்னு நின்னேன். கடைசியில அவ, "ஐ அம் ஃபைன், ஃபாதர்"னு சொன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குட் கேர்ள்"னு சொன்னேன்.

அந்தப் பெரியவரு கட்டையைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. பெறகு தடியைக் கீழ வெச்சுட்டு இடுப்பு வரைக்கும் குனிஞ்சு எனக்குக் கும்பிடு போட்டாரு. மகளுக்குன்னு கொண்டாந்த பையை என்ற கையில குடுத்தாரு. வறுத்த பார்லி, அவங்க ஊட்டுல வறுத்தது. நான் வாங்கிட்டேன். எதுக்குக் கும்பிட்டாரு, எதுக்குக் குடுத்தாருன்னு ஒண்ணும் கேக்கல. பொழுதோட நம்மூர்க் கூட்டம் எட்டுப் பேரும் வட்டமா உக்காந்து அந்தப் பார்லியை மென்னுக்கிட்டே, நான் அவரு குனிஞ்ச மாதிரி குனிஞ்சு காட்ட, எல்லாரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம்.

செமஸ்டர் முடிஞ்ச அன்னிக்கு அல்மாஸ் வந்து கட்டையை ரெண்டு கையிலயும் வெச்சு என்கிட்ட நீட்டினா. அவதான் கிளாஸ்லயே மொத மார்க். நல்ல இங்கிலீஷ்ல, ஒரு பிழை இல்லாம, மெதுவாச் சொன்னா. மேடம், எங்க பக்கத்துல சீக்கு வந்தவங்க கழுத்துல தாயத்து கட்டுவாங்க. எனக்குப் பேச்சு நின்னு போச்சுன்னும், நீங்க அதுக்குத் தாயத்து கட்டி வைத்தியம் பாக்கறீங்கன்னும் எங்கப்பா நெனச்சுக்கிட்டாரு. ஊருக்குப் போய்க் கோயில்ல வேண்டிக்கிட்டு இன்னும் விரதம் இருக்கறாரு. மகளுக்குப் பேச்சு வந்துருச்சான்னு வாரா வாரம் ஆள் விட்டுக் கேக்கறாரு. வந்துருச்சுன்னு நான் சொல்லியனுப்பறேன், அவரு நம்பல. நீங்க ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தா நம்புவாரு, டாக்டர் நீங்கதானன்னு சொன்னா. திட்டவே இல்ல சாமி. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை திட்டி மனசை ஆத்திக்கிட்டிருப்பேன். கடுதாசி எழுதிக் குடுத்தேன், அதுவும் டாக்டர் எழுதற மாதிரியே. நான் டாக்டர் இல்ல, நான்தான் அந்தச் சீக்குன்னு எழுத அன்னிக்குத் துப்பில்ல. ஒப்பந்தத்துல பாக்கி இருந்த ஒரு வருசத்தை ஓட்டிட்டு, கட்டையைப் பழைய சேலைக்குள்ள சுத்திப் பெட்டிக்கடியில போட்டுட்டு ஊருக்கு வந்துட்டேன். உன்கிட்டயும் சொல்லல, உங்கப்பாகிட்டயும் சொல்லல. நீ அதுக்குள்ள பதிமூணு வயசுப் பையன். கட்டையே தேவைப்படல, தானாவே உங்கப்பாகிட்டப் பேசாம இருக்கப் பழகிட்டே.

இப்ப நீ போற. சேலம் அஞ்சு ரோட்டுல இருக்கற அந்த வெளிநாட்டு வேலை ஏஜென்ட் உன்னைக் கண்ணாடி முன்னால நிறுத்தி, 'ர'வை நாக்கை மடிச்சுச் சொல்லு, ஊரைக் கேட்டா இந்தியான்னு மட்டும் சொல்லு, நாமக்கல் கீமக்கல்னு ஒளறாதேன்னு சொல்லிக் குடுக்கறான். கேக்கறப்பவே காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தற மாதிரி இருக்குது. அவனைக் காசு குடுத்துப் புடிச்சு விட்டதும் நான்தான், அவனைத் திட்டறதுக்கு என்ற மூஞ்சியில நானே துப்பிக்கலாம். வேலைக்குப் போக வேண்டாம்னு சொல்லல. இங்கிலீஷ் நல்ல பாஷை, நல்லா சொல்லிக் குடு. ஆனா உன் கிளாஸ்ல வந்து உக்கார்ற ஒவ்வொரு புள்ளைக்கும் ஊட்டுல ஒரு அப்பன் இருப்பான், அவனுக்கு ஒரு பேச்சு இருக்கும். நீ போய் அதைப் பிடுங்கினா யாரும் உன்னை ஜெயில்ல போட மாட்டாங்க, சர்ட்டிபிகேட்தான் குடுப்பாங்க. அதுதான் எனக்குப் பயமே. உன்ற கழுத்துல அஞ்சு வருசம் தொங்கினதை நீயே சிரிச்சுக்கிட்டு இன்னொருத்தன் கழுத்துக்கு எடுத்துட்டுப் போகக் கேட்டே பாரு, நான் உனக்குப் பண்ணினதுலயே பெரிய கேடு அதுதான்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

கட்டையை எரிச்சுரலாம்னு பெட்டியைக் கொடஞ்சேன், காணம். நேத்துக் காலையில பண்ணைக்குச் சோறு எடுத்துட்டுப் போனேன். தீவன ரூம் சாவிக் கொத்துல தொங்கிட்டிருந்துச்சு. பெயின்ட் போயி, முனையெல்லாம் கை பட்டு வழவழன்னு ஆயிருந்துச்சு. "ஏனுங்க, இது எப்ப எடுத்தீங்க?"ன்னேன். "நீ வந்த வருசமே. சும்மா கெடந்துச்சு, சாவி தொலையாம இருக்கும்னு எடுத்தேன்"னாரு. "இது என்னன்னு தெரியுமுங்களா?" "தெரியாம என்ன, பையன் கழுத்துல கெடந்ததுதான." அங்கயே தீவன மூட்டை மேல உக்காந்து அல்மாஸ் கதை பூராவும் சொன்னேன். முடிஞ்சதும், "அந்தப் பெரியவரு கொண்டாந்தது என்ன தானியம்னு சொன்னே?"ன்னு கேட்டாரு. "பார்லிங்க." "நீ தின்னுட்டியா?" "ஆமாங்க." கோழிக்குத் தண்ணி போற குழாயைத் திறந்து விட்டாரு. அப்புறம் சொன்னாரு: "பையனாவது பொழுது போனா கழட்டிருவான். என்ற கழுத்துல போட்டது இன்னும் அப்படியேதான் புள்ள கெடக்குது." கோபமாச் சொல்லல. சொல்லிட்டு எந்திரிச்சு முட்டை பொறுக்கப் போயிட்டாரு.

வெள்ளிக்கிழமை உன்னைச் சென்னைக்குக் கார்ல கூட்டிட்டுப் போறது உங்கப்பாதான். நான் வரல. வந்தா நீ முன்சீட்டுல உக்காந்து பின்னால திரும்பி என்கிட்ட இங்கிலீஷ் பேசிட்டே வருவே, அந்த மனுசன் ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டைப் பாத்துட்டே ஓட்டுவாரு. உன்னை ஏர்போர்ட்ல வழியனுப்பணும்னு எனக்கு ஆசை இல்லாம இல்ல. அடக்கிக்கறேன். ஆறு மணி நேரம் நடுவுல ஆள் இல்லாம நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பாருங்க. உன் தமிழ் தப்புத் தப்பா வரும், வரட்டும், அவரு சிரிக்க மாட்டாரு. அஞ்சு வயசுல கோழி என்ன பண்ணுச்சுன்னு அதுல இருந்து ஆரம்பி. கட்டை வேணும்னா அவர்கிட்டதான் இருக்குது, நீயே கேட்டுக்கோ.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குது. அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீ இங்கிலீஷ்ல என்ன சொன்னேன்னா, "அப்பாவைப் போக வேண்டாம்னு சொல்லுங்கம்மா, அவரு இங்கயே என் பக்கத்துல இருக்கட்டும்"னு சொன்னே. அழுதுக்கிட்டே ரெண்டு தடவை சொன்னே. நான் அவருக்கு, "வலியே இல்லையாம், நீங்க போய் லோடு ஏத்துங்கன்னு சொல்றான்"னு மாத்திச் சொன்னேன். அவரு இருந்தா நீ தமிழ்ல பேச ஆரம்பிச்சிருவேன்னு எனக்குப் பயம். அவரு உன்ற தலையைத் தொட்டுப் பாத்துட்டு, வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு எறங்கிப் போயிட்டாரு. மகனுக்கு நான் வேண்டாம்னுதான் இத்தனை வருசமும் நெனச்சுட்டிருக்கறாரு. அது பொய்யின்னு இந்த வரியைப் படிக்கறப்பத்தான் அவருக்கே தெரியும்.

இப்ப வாசிக்கறதை நிறுத்திருப்பாரு. நீ பேசு சாமி.

அம்மா